லேப்டாப் ரிப்பேருக்குப் பின்: ஃபார்மட் செய்யச் சொல்லும் முன்...

சென்ற மாதம் கல்லூரி மாணவி ஒருவர் தன் அத்தாவுடன் நமது அலுவலகத்துக்கு வந்தார். லேப்டாப்பில் டீ கொட்டி மதர்போர்டு போய்விட்டது. கடையில் வேறு போர்டு மாற்றித் தந்தார்கள். ஆனால் ஆன் செய்ததும் நீலத் திரை வந்து 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டது. "ஃபார்மட் அடித்து விண்டோஸ் போட்டுவிடலாம். உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும்" என்று சொல்லிவிட்டார்கள். உள்ளே இருந்ததோ இறுதியாண்டு பிராஜக்ட்டும் உதவித்தொகைக்கு ஸ்கேன் செய்து வைத்த சான்றிதழ்களும்.

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலத்துக்கோ சிதம்பரத்துக்கோ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை பஸ் ஏறும் பெற்றோர் பலர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில், என்ன மாற்றினார்கள்?

ரேம், பேட்டரி, கீபோர்டு, டிஸ்பிளே மட்டும் மாற்றியிருந்தால் விண்டோஸை மறுபடி போட வேண்டிய அவசியமே இல்லை. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் புதிய எஸ்எஸ்டி போட்டிருந்தால் விண்டோஸ் போட வேண்டும். பழைய டிஸ்க்கைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கெட்டுப்போகாமல் இருந்தால், யுஎஸ்பி கேஸில் போட்டு ஃபைல்களை எடுத்துவிடலாம். மதர்போர்டு மாறியிருந்தால்தான் சிக்கல் கூடுதல்.

48 இலக்க எண் கேட்டால்

இது பழுது அல்ல, பூட்டு. இன்றைய லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து விண்டோஸைத் தொடங்கியதுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படுகிறது. பூட்டைத் திறக்கும் சாவி பழைய போர்டோடு பிணைந்திருக்கிறது. போர்டு மாறியதும், "இது அதே இயந்திரம்தானா?" என்று விண்டோஸ் சந்தேகப்பட்டு எண்ணைக் கேட்கிறது.

அந்த எண் பெரும்பாலும் அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்கைத் திறந்து, சாதனங்கள் பகுதியில் ரெக்கவரி கீயைப் பாருங்கள். திரையில் தெரியும் கீ ஐடியும் கணக்கில் உள்ள ஐடியும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த மாணவியின் கணக்கில் எதுவும் இல்லை. விசாரித்தபோது, லேப்டாப்பை வாங்கி முதலில் தயார் செய்து கொடுத்தவர் வளைகுடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் என்று தெரிந்தது. அவருக்குப் போன் செய்தோம். பத்தே நிமிடத்தில் எண் வந்துவிட்டது. பிராஜக்ட் பத்திரமாகக் கிடைத்தது. ஃபார்மட் செய்திருந்தால் எந்த ரெக்கவரி கடையாலும் அதை மீட்டிருக்க முடியாது.

விண்டோஸ் போடும்போது டிஸ்க் தெரியவில்லையா?

8 ஜிபி பென் டிரைவும் மைக்ரோசாஃப்ட் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவியும் போதும். இடையில் "டிஸ்க் எதுவும் இல்லை" என்று வந்தால் பயாஸைத் திறந்து பாருங்கள். அங்கும் டிஸ்க் தெரியாவிட்டால் அது சரியாகப் பொருத்தப்படவில்லை, அல்லது கெட்டுவிட்டது. கடைக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டியதுதான். பயாஸில் தெரிந்து, விண்டோஸ் போடும் திரையில் மட்டும் தெரியாவிட்டால் டிரைவர் குறை. இன்டெல் 11ஆம் தலைமுறை முதல் வரும் பல லேப்டாப்களில் இது சகஜம். தயாரித்த கம்பெனியின் தளத்திலிருந்து ஸ்டோரேஜ் டிரைவரை எடுத்து, பென் டிரைவில் விரித்துப் போட்டு, "லோடு டிரைவர்" என்பதை அழுத்தினால் டிஸ்க் வந்துவிடும்.

தேதியும் லைசென்ஸும்

போர்டைக் கழற்றினால் கடிகாரம் பழைய ஆண்டுக்குப் போய்விடுவதுண்டு. வைஃபை இருந்தும் இணையதளங்கள் திறக்காவிட்டால் முதலில் தேதியைப் பாருங்கள்.

டிஸ்க் மட்டும் மாறியிருந்தால் லைசென்ஸுக்குப் பணம் தர வேண்டாம். கீ கேட்கும்போது "என்னிடம் இல்லை" என்று கொடுத்து, முன்பிருந்த அதே வகையை, ஹோம் என்றால் ஹோமையே, போடுங்கள். இணையம் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். போர்டு மாறியிருந்தால், செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பகுதிக்குப் போய், சமீபத்தில் ஹார்டுவேர் மாற்றியதாகத் தெரிவியுங்கள். லைசென்ஸ் முன்பே கணக்கோடு இணைந்திருந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். "கிராக்" போட்டுத் தருகிறோம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்; வைரஸ் நுழைவது பல நேரம் அந்த வழியாகத்தான்.

பழைய அரசு லேப்டாப்களுக்கு

2011 செப்டம்பரில் தொடங்கிய அரசுத் திட்டத்தில் கிடைத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இந்தப் பழைய இயந்திரங்கள் பலவற்றில் இல்லை. இவற்றுக்கு லினக்ஸே நல்லது: இலவசம், பாடம் படிக்கவும் தமிழில் தட்டச்சு செய்யவும் தாராளமாகப் போதும்.

கடைக்குக் கொடுக்கும் முன்

முக்கியமான ஃபைல்களைப் பென் டிரைவில் எடுத்துவையுங்கள். ரெக்கவரி எண்ணைத் தாளில் எழுதிச் சான்றிதழ்களோடு வையுங்கள். "கேட்காமல் ஃபார்மட் செய்யக் கூடாது" என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எந்தப் பாகம் மாற்றினார்கள் என்பதையும் பில்லில் குறிக்கச் சொல்லுங்கள்.

பிள்ளைகளின் படிப்பு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. அது நம்மிடம் உள்ள அமானிதம். சந்தேகம் இருந்தால் ஃபார்மட் செய்வதற்கு முன், சார்ஜர், பில், லேப்டாப்பைத் தொடங்கிய மெயில் முகவரி ஆகியவற்றோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், எங்களால் ஆனதைச் செய்கிறோம்.