கறுப்புப் புலி எப்படி வந்தது?

 

புலி என்றால் மஞ்சள் உடம்பு, கறுப்பு வரி. இதுதான் நமக்குத் தெரியும். ஆனால் ஒடிசா மாநிலத்தில் சிமிலிபால் என்று ஒரு காடு இருக்கிறது. அங்கே சில புலிகளுக்குக் கறுப்பு வரிகள் அகலமாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும். மஞ்சள் நிறம் இடுக்கு இடுக்காகத்தான் தெரியும். தூரத்தில் பார்த்தால் கறுப்புப் புலியேதான்! வேறு எந்தக் காட்டிலும் இப்படிப் புலிகள் கிடையாது. அங்கே மட்டும் ஏன்?

இதைப் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த உமா ராமகிருஷ்ணன், அவருடைய மாணவர் வினய் சாகர் ஆகியோர் ஆராய்ந்து 2021இல் வெளியிட்டார்கள்.

உயிரினங்களின் செல்லுக்குள் டி.என்.ஏ. இருக்கிறது என்று படிக்கிறோம். அதை ஒரு நீளமான எழுத்து வரிசை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஏ, டி, ஜி, சி என்று நாலே நாலு எழுத்துதான் திரும்பத் திரும்ப வரும். புலிக்குச் சுமார் 240 கோடி எழுத்துகள். இந்த மொத்த எழுத்துக்கும் ஜீனோம் என்று பெயர்.

சரி, புலிகிட்ட போய் யார் ரத்தம் எடுக்கிறது? கவலையே வேண்டாம். புலி போட்ட எச்சமும் உதிர்ந்த முடியும் போதும். அதிலேயே டி.என்.ஏ. இருக்கிறது.

முதலில் உயிரியல் பூங்காவில் உள்ள கறுப்புப் புலிகளையும் அவற்றின் தாய், தகப்பன், கூடப்பிறந்த குட்டிகளையும் எடுத்துக்கொண்டு ஜீனோம் முழுவதையும் படித்தார்கள். (நம்ம வண்டலூர் பூங்காவிலும் இந்த மாதிரிப் புலி பிறந்திருக்கிறது. அதன் பரம்பரையும் சிமிலிபாலோடு சேருகிறது.) கடைசியில் டாக்பெப் என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது தெரிந்தது. 'சி' இருக்க வேண்டிய இடத்தில் 'டி'. அவ்வளவுதான்! வீட்டுப் பூனைகளில் சிலவற்றுக்கு வரி கலைந்து திட்டுத் திட்டாக இருக்கிறதே, அதற்கும் இதே மரபணு மாறுவதுதான் காரணம்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என மரபணு இரண்டு பிரதியாக வருகிறது. இரண்டுமே மாறியிருந்தால்தான் புலி கறுப்பாகும். ஒன்று மட்டும் மாறியிருந்தால் பார்க்கச் சாதாரணப் புலிதான். மாற்றம் உள்ளே ஒளிந்திருக்கும்.

அடுத்து காட்டுப் புலிகளைப் பார்த்தார்கள். சிமிலிபாலில் 12 புலிகளைச் சோதித்ததில், மரபணுப் பிரதிகளில் நூற்றுக்கு 58 மாறியிருந்தன. மற்ற இடத்துப் புலிகள் 395ஐச் சோதித்தார்கள். ஒன்றில்கூட இல்லை!

பரிணாமம் என்றாலே வலியது பிழைக்கும், நல்லது பெருகும் என்று நினைக்கிறோம். கறுப்பு நிறம் இருட்டுக் காட்டில் ஒளிய உதவும், அதனால் பெருகியிருக்கும் என்றும் தோன்றும். ஆனால் ஆராய்ச்சியாளர்கள் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அப்படி ஒரு காரணமே தேவைப்படவில்லை. சில புலிகளே மிஞ்சித் தனியாகிவிட்டால், தற்செயலாகவே இந்த அளவு பெருக முடியும். இதுவும் பரிணாமம்தான்.

இதை நானும் என் தங்கச்சியும் விளையாடிப் பார்த்தோம். ஒரு பையில் 98 புளியங்கொட்டை, 2 மஞ்சாடி போட்டுக் குலுக்கி, கண்ணை மூடி 10 கொட்டை எடுத்தோம். எடுத்ததை மறுபடி போட்டு இப்படிப் பத்துத் தடவை. எட்டுத் தடவை மஞ்சாடி வரவே இல்லை. இரண்டு தடவை ஒன்று வந்தது. பத்தில் ஒன்று என்றால் நூற்றுக்குப் பத்து! பையில் நூற்றுக்கு இரண்டுதானே இருந்தது? மஞ்சாடி எந்தத் திறமையும் காட்டவில்லை. கொஞ்சமாக எடுத்ததால் இப்படி ஆனது. சிமிலிபாலிலும் இப்படித்தான்.

இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. 2024 கணக்கெடுப்பில் சிமிலிபாலில் 27 பெரிய புலிகள்தான் இருந்தன. அதில் 13 கறுப்பு. மற்ற புலிக் காடுகள் வெகு தூரத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து புலி வர வழியில்லை. அதனால் சொந்தத்துக்குள்ளேயே குட்டி போடுகின்றன. "ரொம்ப நெருங்கின சொந்தத்துல கல்யாணம் பண்ணாதீங்க" என்று நர்ஸம்மா வீடு வீடாகச் சொல்கிறார்களே, அதே காரணம்தான் இங்கேயும். கறுப்பு நிறம் ஒளிந்திருந்து வெளியே வந்த மாதிரி, நோய் தரும் மாற்றமும் ஒளிந்திருந்து வெளியே வரலாம்.

அதனால்தான் 2024இல் மகாராஷ்டிராவின் தடோபா காட்டிலிருந்து ஜமுனா, ஜீனத் என்ற இரண்டு பெண் புலிகளைச் சிமிலிபாலுக்குக் கொண்டுவந்தார்கள். ஜீனத் சும்மா இருக்கவில்லை. ஜார்க்கண்ட் தாண்டி மேற்கு வங்காளம் வரை நடந்தே போய்விட்டது! டிசம்பரில் பாங்குரா மாவட்டத்தில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

புலிகளை எண்ணினால் மட்டும் போதாது, அவை ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போகவும் வழி இருக்க வேண்டும் என்பதை அந்த ஒரே எழுத்து நமக்குச் சொல்கிறது.

தோழர்களே, மஞ்சாடி விளையாட்டை நீங்களும் செய்து பாருங்கள். தடவிப் பார்த்து எடுக்கக் கூடாது! உங்களுக்கு எத்தனை வந்தது என்று இந்தத் தாளின் கீழே விட்டிருக்கும் இடத்தில் பென்சிலால் எழுதுங்கள். எல்லாருடையதையும் கூட்டி அடுத்த இதழில் எழுதுகிறேன்.



– 9ஆம் வகுப்பு மாணவி