ஹெட் கேஸ்கெட் மாற்றும்போது பழைய போல்ட்டையே பூட்டலாமா?

தீபாவளிக்கு ஊருக்குப் போகும் வழி. ஈப்போவை நெருங்கும்போது காரின் சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்புகிறது. இழுவை லாரியில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால், “ஹெட் கேஸ்கெட் போய்விட்டது” என்கிறார் மெக்கானிக். கேஸ்கெட் விலை, ஹெட்டை ஸ்கிம் செய்யும் கூலி, கழற்றிப் பூட்டும் கூலி என்று கணக்குச் சொல்கிறார்.

தொகையைக் கேட்டதும் நம்மில் பலர் சொல்வது ஒன்றுதான்: “அண்ணே, கொஞ்சம் குறைச்சுக்குங்க.” அப்போது பட்டியலிலிருந்து முதலில் விழுவது பெரும்பாலும் ஹெட் போல்ட். “பார்க்க நல்லாத்தான் இருக்கு, பழசையே போட்டுடலாம்” என்று முடிவாகிறது. மிச்சமாவது சிறு தொகை. ஆனால் அந்த போல்ட் எந்த வகை என்று தெரியாமல் எடுக்கும் முடிவு, செய்த வேலை முழுவதையும் வீணாக்கிவிடலாம்.

போல்ட்டும் நீளும்

போல்ட்டை இறுக்கும்போது அது மிகச் சிறிய அளவில் நீள்கிறது. நீண்ட போல்ட் பழைய நிலைக்குத் திரும்ப முயல்வதால்தான் ஹெட்டும் ப்ளாக்கும் ஒன்றோடொன்று அழுந்தி நிற்கின்றன.

நாசி லெமாக் பொட்டலத்தில் கட்டிய ரப்பரைக் கழற்றினால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். சாதாரண போல்ட் அப்படிப்பட்டது. ஆனால் பாசார் மாலாமில் பிளாஸ்டிக் பை நிறைய பழம் வாங்கித் தூக்கினால் கைப்பிடி இழுபட்டு மெலிந்துவிடும். பழத்தை இறக்கி வைத்தாலும் அது பழையபடி ஆகாது. இன்று பல கார்களில் வரும் ஹெட் போல்ட் இந்த இரண்டாவது வகை. பட்டறைகளில் இதை ‘ஸ்ட்ரெட்ச் போல்ட்’ என்றும் ‘டிடிஒய் போல்ட்’ என்றும் சொல்வார்கள். இது பழைய நிலைக்குத் திரும்பும் எல்லையைத் தாண்டி, வேண்டுமென்றே இழுத்துப் பூட்டப்படுகிறது.

ஏன் இப்படிச் செய்தார்கள்?

போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் சுமார் 90 விழுக்காடு உராய்வுக்கே போய்விடுகிறது. ஏறக்குறைய 10 விழுக்காடுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. ஒரு போல்ட்டின் மரையில் எண்ணெய் இருந்து இன்னொன்றில் துரு இருந்தால், டார்க் ரெஞ்ச் ஒரே எண்ணைக் காட்டினாலும் பிடிப்பு வேறுபடும். ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருந்தால் கேஸ்கெட் நிலைக்காது. போதாக்குறைக்கு, அலுமினிய ஹெட் சூட்டில் இரும்பு ப்ளாக்கைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது.

எல்லையைத் தாண்டி இழுபட்ட போல்ட்டில் பிடிப்பை முடிவுசெய்வது பெரும்பாலும் அதன் உலோகத்தின் பலம்தான். அதனால் எல்லா போல்ட்களும் கிட்டத்தட்ட ஒரே அளவில் பிடிக்கும். இதற்காகவே முதலில் சிறிய விசையில் இறுக்கிவிட்டு, பிறகு டிகிரிக் கணக்கில் திருப்புகிறார்கள். மிட்சுபிஷி 4ஜி63 என்ஜினுக்கான ஒரு கையேடு சொல்லும் முறையைப் பாருங்கள்: 78 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கி, எல்லாவற்றையும் முழுதாகத் தளர்த்தி, மீண்டும் 20-க்கு இறுக்கி, பிறகு 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி திருப்ப வேண்டும்.

பழையதைப் பூட்டினால்?

ஏற்கெனவே இழுபட்ட போல்ட்டை மறுபடி இழுக்கும்போது மூன்றில் ஒன்று நடக்கலாம். அதிர்ஷ்டம் இருந்தால் தாங்கும். அல்லது போதிய பிடிப்பு இல்லாமல், சில மாதங்களில் கூலண்ட் மறுபடி கசியும். அல்லது கடைசி 90 டிகிரியில் ‘டக்’கென்று ஒடிந்து, பாதி ப்ளாக்குக்குள்ளேயே தங்கிவிடும். அதை வெளியே எடுப்பது பெரிய வேலை.

அப்படியானால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. இதில் மூன்று வகை உண்டு.

ஒன்று, கட்டாயம் மாற்ற வேண்டியவை. வோக்ஸ்வேகன் என்ஜின்களின் ஹெட் போல்ட் இந்த வகை. மலிவாகக் கிடைக்கிறதே என்று பலர் வாங்கும் பழைய பிஎம்டபிள்யூ 3, 5 சீரிஸ் கார்களில் உள்ள என்52 என்ஜினின் அலுமினிய போல்ட்களும் அப்படித்தான். ஒருமுறை கழற்றினால் குப்பைத் தொட்டிக்குத்தான்.

இரண்டு, அளந்து பார்த்து முடிவு செய்பவை. மேலே சொன்ன 4ஜி63 கையேடு, ஹெட் போல்ட்டின் தண்டு நீளம் 99.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றச் சொல்கிறது. டொயோட்டாவின் பல என்ஜின்களில் கனெக்டிங் ராட் போல்ட்டின் விட்டத்தை அளக்க வேண்டும். அளவு சரியாக இருந்தாலும், துருவோ மரைச் சேதமோ இடுப்பு மெலிந்த தோற்றமோ இருந்தால் பூட்டக் கூடாது.

மூன்று, டிகிரிக் கணக்கில்லாமல் விசைக் கணக்கில் மட்டும் இறுக்கும் சாதாரண போல்ட். மரை நன்றாக இருந்தால் மறுபடி பயன்படுத்தலாம். சக்கரத்து நட்டுகளும் இந்த வகைதான், வீணாகப் பயப்பட வேண்டாம்.

எந்த வகை என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்த என்ஜினின் கையேடுதான் சொல்லும். பழைய கார்களை வெட்டி விற்கும் ‘போத்தோங்’ கடையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம். ஹெட் போல்ட் மட்டும் வாங்காதீர்கள். அதுவும் ஏற்கெனவே இழுபட்டதுதான்.

புது போல்ட் போட்டாலும் கவனம் தேவை. அடி மூடிய துளைகளில் எண்ணெயோ தண்ணீரோ தேங்கியிருந்தால், போல்ட் இறங்கும்போது அந்த அழுத்தத்தில் ப்ளாக்கே விரிசல் விடலாம். காற்றுத் துப்பாக்கியால் ஹெட் போல்ட்டை இறுக்கக் கூடாது. பின்னாளில் கசிவு வந்தால் “இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பார்ப்போம்” என்பதும் கூடாது.

பட்டறையில் கேட்க வேண்டியவை

வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள்: “இந்த என்ஜினுக்கு ஹெட் போல்ட் மாற்ற வேண்டுமா, அளந்தால் போதுமா? கையேட்டில் என்ன இருக்கிறது? டிகிரி பார்த்துத்தான் இறுக்குவீர்களா?” தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். புது போல்ட் போட்டால் அதைப் பில்லில் தனியாக எழுதச் சொல்லுங்கள். பிறகு தகராறு வந்து பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால், அந்தப் பில்தான் உங்கள் பக்கம் பேசும்.

காரை எடுக்கப் போகும்போது, கழற்றிய பழைய போல்ட்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவை மேசைமேல் இருந்தால், என்ஜினுக்குள் இருப்பது புதியவை என்று நம்பிப் புறப்படலாம்.