படிக்கட்டு உணர்த்தும் பாடம்

உலகில் முதன்முதலாக நிலத்தடி இருப்புப்பாதை கண்ட நகரம் இலண்டன் மாநகரம். 1863ஆம் ஆண்டில் தொடங்கிய அப்பாதை, நாளடைவில் பல கிளைகளாகப் பெருகிற்று. ஒரு கிளையை நகரின் கீழ்த்திசைக்கு நீட்டும் பணி நடைபெறுங்கால் இரண்டாம் உலகப்போர் மூண்டது, பணியும் நின்றது. அதனால், பெத்னல் கிரீன் என்னும் நிலையம் தண்டவாளம் இடப்பெறாமலே கிடந்தது.

1940இல் செருமானிய வானூர்திகள் இரவுதோறும் குண்டுமாரி பொழிந்தன. அப்போது அந்நிலையம் மக்களின் புகலிடமாயிற்று. ஐயாயிரம் பேர் உறங்குதற்குரிய படுக்கைகளும், நூலகமும், நாடக அரங்கும் அதனுள் அமைந்தன. ஆயின், நுழைவாயில் ஒன்றே. அதன் 19 படிகளின் நடுவே கைப்பிடிக் கம்பி இல்லை. பகைவர் கண்ணிற் படாதிருத்தற்பொருட்டு மங்கிய விளக்கொன்றே எரிந்தது.

1943ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் இரவு அபாயச் சங்கு ஒலித்தது. மழையால் நனைந்திருந்த படிகளில் மக்கள் இறங்கிக்கொண்டிருந்தனர். அருகிலிருந்த பூங்காவில் நிறுவப்பெற்ற புதுவகை வானெதிர்ப்புக் கருவி பேரொலியுடன் முழங்கிற்று. அதனைக் குண்டென அஞ்சியோர் முண்டியடித்தனர். கடைசிப் படிகளருகே குழந்தையுடன் சென்ற பெண்ணொருத்தி தடுக்கி வீழ்ந்தாள். அவள்மேல் மற்றொருவர் வீழ்ந்தார். கீழே நிகழ்ந்ததை அறியாத மேலிருந்தோர் மேன்மேலும் நெருக்கினர். சில நொடிகளில் ஏறத்தாழ 300 பேர் அக்குறுகிய இடத்தில் சிக்கினர். மூச்சுத் திணறி மாண்டோர் 173 பேர். அவருள் 62 பேர் சிறுவர். அன்று அவ்விடத்தில் ஒரு குண்டும் விழவில்லை!

பகைவர் ஊக்கம் பெறுவர் என்று கருதி, அரசினர் விசாரணை அறிக்கையை உடனே வெளியிடவில்லை. படிகளுக்குக் கைப்பிடிக் கம்பிகள் பின்னரே பொருத்தப்பெற்றன. 1946இல் நிலையத்தில் வண்டிகள் ஓடத் தொடங்கின. இன்று அவ்வாயிலருகே, தலைகீழாய்த் தொங்கும் படிக்கட்டு வடிவில் நினைவுச்சின்னம் ஒன்று நிற்கின்றது. இறந்தோர் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

பல்லாயிரவர் கூடும் இடத்தை அமைப்போர்க்கு ஒரு கைப்பிடிக் கம்பியும் சிறிய பொருளன்று. அங்குச் செல்வோர்க்கோ பொறுமையே காவல். பின்னே நிற்பவன் ஓரடி தாழ்த்து நிற்பின், முன்னே வீழ்ந்தவன் எழுந்து பிழைப்பான்.