விழியை அளந்து பார்ப்போம்

பெத்சாயிதா ஊரில் பார்வையற்ற ஒருவரை ஆண்டவர் இயேசு குணமாக்கிய நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியின் 8-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆண்டவர் முதன்முறை தொட்டதும் அம்மனிதருக்குப் பார்வை வந்தது. ஆயினும் அது தெளிவற்ற பார்வை. நடமாடிய மக்கள் அவர் கண்ணுக்கு மரங்களாய்த் தோன்றினர். ஆண்டவர் மீண்டும் தொட்ட பின்னரே யாவும் தெளிந்தன. முழு இருளுக்கும் முழுத் தெளிவுக்கும் நடுவே இப்படியொரு நிலை உண்டு.

அந்த இடைநிலையில் வாழும் பிள்ளைகள் நம் பங்கிலும், ஏன், நம் இல்லத்திலும் இருக்கக்கூடும். கரும்பலகையிலுள்ள எழுத்தின் அருகே நிழல்போல் இன்னோர் எழுத்துத் தெரியும். இரவில் விளக்கொளி சிதறி, வால் முளைத்தாற்போல் காணும். மூக்குக்கண்ணாடியை அடிக்கடி மாற்ற நேரிடும். மாற்றியும் தெளிவு பிறவாது. படிக்க மனமின்றிச் சாக்குச் சொல்கிறான் என்று நாம் கடிந்துகொள்கிறோம். ஆனால் பிள்ளையிடம் குற்றம் இல்லாதிருக்கலாம். அவன் விழியே உருமாறிக்கொண்டிருக்கலாம்.

கெரட்டோகோனஸ் என்பது இந்நோயின் பெயர். கருவிழியின் முன்னே, கைக்கடிகாரத்தின் மேற்கண்ணாடி போலக் கவிந்திருக்கும் தெளிந்த படலத்தைக் கார்னியா என்பர். அதன் நடுப்பகுதியின் தடிப்பு அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. இரத்தக் குழாய் ஒன்றும் அதில் இல்லை. கண்ணுள் நுழையும் ஒளியை வளைத்துக் குவிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு இப்படலத்தைச் சார்ந்தது. இந்நோய் கண்டால் அது மெலிந்து, தளர்ந்து, கூம்புபோல் முன்னே பிதுங்குகிறது. பெரும்பாலும் பருவ வயதில் தொடங்கி, முப்பது வயதையும் தாண்டி வளரக்கூடியது. 1854-ஆம் ஆண்டிலேயே லிவர்ப்பூல் நகர மருத்துவர் ஜான் நாட்டிங்ஹாம் இதனைப் பற்றி விரிவான நூலொன்று எழுதினார்.

தொடக்க நிலையில் இந்நோயை வெறுங்கண்ணால் காண்பது அரிது. அளந்தே அறிய வேண்டும். கார்னியாவின் வளைவை அளக்க முற்பட்ட முன்னோடிகளுள் ஒருவர் சேசு சபைத் துறவியான கிறிஸ்தோப் ஷைனர் அடிகளார் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. சூரியனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்தவரும், 1619-இல் கண்ணைப் பற்றி நூல் வெளியிட்டவரும் இவரே. அவர் கையாண்ட வழி எளியது. சாளரத்தின் எதிரே இருப்பவரின் கண்ணில் அச்சாளரத்தின் பிம்பம் சிறிதாகத் தெரியும். வெவ்வேறு அளவுள்ள கண்ணாடிக் கோலிகளைக் கண்ணருகே வைத்து ஒப்பிட்டார். எந்தக் கோலியில் பிம்பம் அதே அளவாய்த் தெரிந்ததோ, அதன் வளைவே கண்ணின் வளைவு எனக் கொண்டார்.

1880-இல் போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் அந்தோனியோ பிளாசிடோ, கறுப்பும் வெள்ளையுமாய் ஒன்றனுள் ஒன்றாக வளையங்கள் வரைந்த வட்டத் தட்டு ஒன்றை உருவாக்கினார். அதன் நடுத்துளை வழியே நோக்கினால் நோயாளியின் கண்ணில் வளையங்களின் பிம்பம் தெரியும். நல்ல விழியில் வளையங்கள் ஒழுங்காக இருக்கும். கூம்பிய விழியில் கோணிக் காணும். 1980-களில் கணிப்பொறி இவ்வளையங்களைக் கணக்கிட்டு, நிலப்படம்போல் விழியின் வண்ணப்படத்தை வரையத் தொடங்கியது. அதில் வளைவு மிகுந்த இடம் சிவப்பு. தட்டையான இடம் நீலம்.

ஆஸ்திரிய இராணுவ அதிகாரி தியோடர் ஷைம்ப்ஃப்ளூக், வானிலிருந்து நிலத்தைப் படமெடுப்பதற்காக 1904-இல் வகுத்த முறையும் பின்னாளில் கண்ணுக்குப் பயன்பட்டது. இம்முறையில் அமைந்த புகைப்படக் கருவி விழியின் முன் சுழன்று, சில நொடிகளில் பல குறுக்குவெட்டுப் படங்களை எடுக்கிறது. கண்ணைத் தொடுவதில்லை, வலியும் இல்லை. கார்னியாவின் முன்புறம், பின்புறம், ஒவ்வோர் இடத்தின் தடிப்பு ஆகிய அனைத்தும் புலனாகின்றன. படலத்தில் ஒளி எவ்வளவு சிதறுகிறது என்பதைக் கொண்டு அதன் தெளிவையும் 0 முதல் 100 வரை எண்ணிட்டுக் காட்டும் கருவிகள் உண்டு. 0 என்றால் முழுத் தெளிவு. 100 என்றால் ஒளி புகாத மறைப்பு.

இவ்வளவு நுட்பமாய் அளப்பது எதற்கு? காலம் தாழ்ந்தால் இழப்பு மிகுதி என்பதற்காகவே. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் 2003-இல் ஒரு சிகிச்சையின் பலனை வெளியிட்டனர். ரிபோஃப்ளேவின் என்னும் வைட்டமின் பி-2 சொட்டுமருந்தைக் கார்னியாவில் ஊறச்செய்து, புறஊதாக் கதிரைப் பாய்ச்சுவர். படலத்தின் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து உறுதிபெறும். நோய் மேலும் வளராமல் தடுப்பதே இதன் நோக்கம். இழந்த வடிவை முழுதும் மீட்டுத் தராது. வழக்கமான முறைக்குக் கார்னியா 0.4 மில்லிமீட்டர் தடிப்பேனும் இருத்தல் வேண்டும். சிகிச்சைக்குப் பின் முதல் சில மாதங்கள் படலம் சற்றே மங்கி, பின்னர் பலருக்குப் படிப்படியாகத் தெளியும். ஆகவே நோய் நின்றதா என அறிய வடிவையும், மங்கல் நீங்குகிறதா என அறியத் தெளிவையும் மீண்டும் மீண்டும் அளக்கின்றனர். பழைய அளவுத் தாள்களைப் பெற்றோர் பத்திரப்படுத்துவது நன்று. காண்டாக்ட் லென்ஸ் அணிவோர், மருத்துவர் சொல்லும் காலம்வரை அதைக் கழற்றி வைத்த பின்னரே அளக்கச் செல்ல வேண்டும்.

கண்ணைக் கசக்கும் பழக்கம் இந்நோயை மிகுவிக்கும். ஒவ்வாமையால் கண் அரித்தால் அதற்கு மருத்துவம் தேடுக, கசக்க விடாதீர்கள். ஒரு பிள்ளைக்கு நோய் இருந்தால் உடன்பிறந்தோரையும் சோதித்தல் நலம். டவுன் குறைபாடுள்ள குழந்தைகளிடம் இது மிகுதியாகக் காணப்படுவதால், தம் குறையை எடுத்துச் சொல்ல இயலாத அவர்கள்மீது தனிக் கவனம் வேண்டும்.

நோய் முற்றியோருக்குக் கடின லென்ஸ் உதவலாம். அதுவும் பயன்படாதபோது இறந்தோர் ஈந்த கார்னியாவே துணை. அத்தகைய தானம் அறநெறிக்கு முரணன்று என்பதைத் திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1956 மே 14-ஆம் நாள் ஆற்றிய உரையில் தெளிவுபடுத்தினார். கண்தானம் செய்ய நம் குடும்பங்கள் முன்வருமாயின் அது சிறந்த பிறரன்புச் செயலாகும்.

பெத்சாயிதாவில் ஆண்டவர் தொட்டதோடு நிற்கவில்லை. என்ன தெரிகிறது என்று கேட்டார். அம்மனிதரும் உள்ளபடி சொன்னார். அன்புப் பெற்றோரே, நாமும் நம் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளுமுன் அவ்வாறே கேட்போம். விடையைப் பொறுமையோடு செவிமடுத்து, காலம் தாழ்த்தாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.