தடயமும் உண்மையும்: ஓர் ஆய்வாளரின் பணி குறித்து

விஞ்ஞானியின் வாழ்வைத் தனிமனித மேதைமையின் கதையாகக் கூறும் மரபு நம்மிடையே வலுவானது. ஆயின், ஓர் அறிவுத்துறை எத்தகைய சமூகத் தேவையின் நிமித்தம் தோன்றியது என்னும் வினாவை எழுப்பாது அத்துறையினரின் பணியை மதிப்பிடல் இயலாது. இலத்திரனியல் தடயவியலில் ஹானி பரீட் ஆற்றிய பணியை நாம் இந்நோக்கிலேயே அணுகுகின்றோம்.

அவர் 1997இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1999 முதல் டார்ட்மத் கல்லூரியிற் கற்பித்து, 2019இல் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அவர் ஆய்வைத் தொடங்கிய காலம், படச்சுருள் வழக்கொழிந்து நிழற்படம் எண்களின் தொகுதியாக மாறத் தலைப்பட்ட காலமாகும். படச்சுருளுக்கு மூலப்பிரதி உண்டு. எண்தொகுதியிலோ மூலத்தையும் நகலையும் பிரித்தறிய முடியாது. எனவே, சான்றின் நம்பகத்தன்மையை நிறுவப் புதிய முறையியல் வேண்டப்பட்டது.

பொய்ப்படமும் உழைப்பின் விளைபொருளே. அவ்வுழைப்பு தன் தடயத்தை விட்டுச்செல்கிறது. படத்தின் ஒரு பகுதியைப் பெருப்பித்தோ திருப்பியோ வேறொன்றிற் பொருத்தும்போது, புதிய புள்ளிகளின் பெறுமானங்களை அயற்புள்ளிகளிலிருந்து கணினி கணிக்கிறது. கண்ணுக்குப் புலனாகாத இத்தொடர்பைப் புள்ளிவிபரவியல் முறையாற் கண்டறியலாம் என அலின் பொப்பெஸ்குவும் பரீட்டும் 2005இல் வெளியிட்ட கட்டுரையிற் காட்டினர். பாடபேதங்களை ஒப்புநோக்கி இடைச்செருகலை இனங்காணும் பதிப்பாசிரியருக்கு இம்முறை அந்நியமானதன்று.

எனினும், ஐயுறவு மட்டுமே விமர்சனமாகிவிடாது. கென்னடி கொலையிற் குற்றஞ்சாட்டப்பட்ட ஒஸ்வால்ட் துப்பாக்கியுடன் நிற்கும் 1963ஆம் ஆண்டுப் படத்தில் நிழல்கள் முரண்படுகின்றன எனப் பலர் வாதிட்டு வந்தனர். அவை ஒரே ஒளிமூலத்துக்கு இயைபானவையே என்பதை முப்பரிமாண மாதிரிகளின் துணையுடன் பரீட் 2009இற் காட்டினார். பொய்யைப் பொய்யென நிறுவுவது போன்றே, மெய்யை மெய்யென நிறுவுவதும் இத்துறையின் கடமையாகும்.

அதே 2009இல், சிறுவர் துஷ்பிரயோகப் படங்கள் மீண்டும் மீண்டும் பரவுவதை இனங்காணும் ‘போட்டோ டீ.என்.ஏ.’ என்னும் முறையை அவர் மைக்ரோசொப்ட் நிறுவனத்துடன் இணைந்து உருவாக்கினார். அதன் மனிதாபிமானப் பயன் மறுக்கற்பாலதன்று. ஆயினும் ஒரு முரண்பாட்டை நாம் சுட்டவேண்டியுள்ளது. படங்கள் உலவும் களமும் அவற்றைச் சோதிக்கும் கருவியும் பெரும்பாலும் தனியார் மூலதனத்தின் கைகளிலேயே உள்ளன.

இன்று செயற்கை நுண்ணறிவு நிகழாததை நிகழ்ந்ததாகக் காட்டுகிறது. அதனினும் பாரதூரமானது, அதனையே காரணங்காட்டி அதிகாரத்திலுள்ளோர் நிகழ்ந்ததை நிகழாததென மறுக்கும் வாய்ப்பாகும். அநீதிக்குள்ளானோரிடம் பலவேளைகளில் எஞ்சுவது ஒரு படமோ ஒலிப்பதிவோ மட்டுமே. அதனை மெய்யென நிறுவும் அறிவு எவருக்கு உரியது என்பது வெறுமனே தொழில்நுட்பப் பிரச்சினையன்று. அது ஓர் அரசியற் பிரச்சினையுமாகும்.