வளாகத்தைத் தாண்டியவை

இறாலை உரித்ததும் ஓட்டை எறிந்துவிடுகிறோம். அந்த ஓட்டிலிருந்து கைட்டின் என்ற பொருளைப் பிரித்துக் காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் கிடைக்கும். சென்னை ஐஐடியின் வேதியியல் பேராசிரியர் தலப்பில் பிரதீப்பும் அவர் மாணவர்களும் கைட்டோசான் கரைசலில் இரும்பு உப்பைக் கலந்து, மெல்ல மெல்லக் காரம் சேர்த்தார்கள். கூழ் போலத் திரண்டது. அதைக் கழுவி, அறை வெப்பத்திலேயே உலர்த்தி நொறுக்கினால் ஆற்று மணல் அளவில் பழுப்புக் குருணை. உலை வேண்டாம், விலை உயர்ந்த ரசாயனம் வேண்டாம். ஆர்சனிக் கலந்த தண்ணீரை இந்தக் குருணை வழியே விட்டால் ஆர்சனிக் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். குடிக்கத் தகுந்த நீர் கீழே இறங்கும்.

குருணையில் வேலை செய்வது ஒருவகைத் துருதான். ஆர்சனிக்கைப் பிடிக்கும் குணம் துருவுக்கு உண்டு என்பது பழைய செய்தி. துகள் சிறிதாக ஆக, அதே எடைக்குப் பரப்பு கூடும்; பிடிக்கும் இடமும் கூடும். சிக்கல் என்னவென்றால், மிகச் சிறிய இரும்புத் துகள்கள் தனித்தனியே நிற்காது. நாளடைவில் ஒன்றோடொன்று சேர்ந்து படிகமாகிவிடும். பரப்பு சுருங்கி, பிடிப்பும் போய்விடும். கைட்டோசான் இங்கேதான் உதவுகிறது. சில நானோமீட்டர் அகலமே உள்ள துகள்களை அது தன் இழைகளுக்கிடையில் பிரித்துப் பிடித்துக்கொண்டு, படிகமாக விடாமல் தடுக்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. நிலத்தடி நீரில் ஆர்சனிக் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்றுக்கு மின்னேற்றம் உண்டு. அதைப் பிடிப்பது எளிது. ஆழத்தில், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அதிகம் இருப்பது மின்னேற்றமில்லாத மற்றொரு வடிவம். நச்சு கூடுதலாக உள்ளதும் அதுதான், பல வடிகட்டிகளுக்கு டிமிக்கி கொடுப்பதும் அதுதான். இந்தக் குருணை இரண்டையும் பிடிக்கிறது.

எதற்கு இவ்வளவு பாடு என்பதை அறிய வங்காளத்துக்குப் போக வேண்டும். குளத்து நீரும் ஆற்று நீரும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவருகின்றன என்று, 1970-கள் தொடங்கி கங்கைச் சமவெளியில் ஊர் ஊராகக் குழாய்க் கிணறு போட்டார்கள். நல்ல எண்ணம்தான். வயிற்றுப்போக்கு குறைந்தது, ஆனால் சில ஆண்டுகளில் மக்களின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துச் சொரசொரத்தன, தோலில் கரும்புள்ளிகள் தோன்றின. கிணற்று நீரில் ஆர்சனிக். இமயத்திலிருந்து ஆறுகள் அடித்துவந்த வண்டலில், இரும்புத் துகள்களில் ஒட்டிக்கொண்டு வந்ததுதான் அது. வண்டல் ஆழத்தில் புதைந்து ஆக்சிஜன் தீர்ந்தபின், அங்குள்ள பாக்டீரியாக்கள் இரும்பைக் கரைக்க, ஆர்சனிக் நீரில் அவிழ்ந்துவிட்டது. மண்ணுக்கடியில் இரும்பு கைவிட்டதை மேலே இன்னோர் இரும்பு பிடித்துக்கொள்கிறது. வடிகட்டியின் சூட்சுமம் இவ்வளவுதான். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 'அம்ரித்' என்று பெயரிடப்பட்ட இந்தத் தொழில்நுட்பம் அந்த வரம்புக்குள் நீரைக் கொண்டுவந்து, மேற்கு வங்கத்தில் பொதுக் குடிநீர் அமைப்புகளில் இடம்பெற்றிருக்கிறது.

பிரதீப்புக்கு இது முதல் வடிகட்டி அல்ல. வெள்ளி நானோ துகள்கள் கார்பன் டெட்ராகுளோரைடைச் சிதைத்து வெள்ளி குளோரைடையும் கரியையும் தருகின்றன என்று அவருடைய ஆய்வகம் கண்டது. ஆய்வேட்டோடு முடிந்திருக்க வேண்டிய சங்கதி. 2003-ல் புட்டித் தண்ணீரிலும் குளிர்பானங்களிலும் பூச்சிக்கொல்லி இருக்கிறது என்ற அறிக்கை நாட்டைக் கலக்கியது. குளோரின் கொண்ட பூச்சிக்கொல்லிகளும் கார்பன் டெட்ராகுளோரைடுக்கு உறவுக்கார மூலக்கூறுகள்தானே? எண்டோசல்ஃபான், குளோர்பைரிஃபாஸ் போன்றவற்றை நானோ துகளால் நீக்கும் முறை காப்புரிமையாகி, 2007-ல் வீட்டு வடிகட்டிக்குள் போய்ச் சந்தைக்கு வந்தது.

மேற்கு ஜெர்மனியின் உதவியோடு 1959-ல் கிண்டிக் காட்டின் ஒரு பகுதியில் தொடங்கிய சென்னை ஐஐடியின் ஆராய்ச்சியை இன்று எண்ணிக்கையால்தான் அளக்கிறார்கள்: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், எத்தனை காப்புரிமை. நாட்டின் உயர்கல்வித் தரவரிசையில் 2019 முதல் ஒட்டுமொத்தப் பிரிவில் சென்னை ஐஐடிதான் முதலிடம். எண்ணிக்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எண்ணாமல் பணம் கொடுக்க எந்த அரசும் தயாரில்லை. ஆனால் எண்ணிக்கையில் வங்காளத்துத் துருவும் ஒரு கட்டுரை, ஒருவரும் இரண்டாம் முறை புரட்டாததும் ஒரு கட்டுரை. வளாகத்தின் வேலிக்கு வெளியே போய் என்ன ஆயிற்று என்பதற்கு அதில் கட்டம் இல்லை.

வெளியே போனதெல்லாம் வென்றது என்றும் இல்லை. கார்டெக்ட் கதையைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முழுமையாகாது. 1990-களின் தொடக்கத்தில் வீட்டுக்குத் தொலைபேசி வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடுவரை தோண்டிச் செம்புக் கம்பி போடும் கடைசிப் பகுதிதான் செலவைத் தின்றது. மின்பொறியியல் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் சகாக்களும், அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டு அலைவரிசையால் இணைத்துவிடலாம் என்றார்கள். ஐரோப்பாவில் கம்பியில்லா வீட்டுத் தொலைபேசிக்கு வகுத்த டெக்ட் என்ற தரத்தை எடுத்துக்கொண்டு, கிலோமீட்டர் கணக்கில் எட்டும்படி மாற்றினார்கள்; அதுதான் கார்டெக்ட். வீட்டுச் சுவரில் ஒரு பெட்டி, கூரையில் ஒரு ஆன்டெனா. பேசிக்கொண்டே 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் பார்க்கலாம். இன்றைய பிள்ளைகள் சிரிப்பார்கள். அன்றைக்கு அது பெரிய சங்கதி.

சென்னையில் மைடாஸ் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. இந்தியாவைத் தாண்டிப் பல நாடுகளுக்கும் போயிற்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துக் கிராமங்களில் 2001 வாக்கில் இதை வைத்தே இணைய மையங்கள் திறந்தார்கள். மையத்தில் இருந்த சின்ன வெப்கேமராவில் கண்ணைப் படம்பிடித்து, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு மின்னஞ்சலில் அனுப்புவார்கள். நேரில் வந்தே ஆகவேண்டுமா, சொட்டு மருந்து போதுமா என்று மருத்துவர் சொல்லிவிடுவார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மதுரைக்குப் பஸ் ஏறுவதா வேண்டாமா என்ற கேள்விக்கு ஊரிலேயே விடை.

அதற்குள் செல்போன் வந்துவிட்டது. சுவரில் தொங்கும் பெட்டி எங்கே, சட்டைப்பையில் போகும் கருவி எங்கே? கட்டணமும் மளமளவென்று இறங்கவே கார்டெக்ட் ஓரங்கட்டப்பட்டது. அதைத் தோல்வி என்று எழுதுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. வடிவமைப்பை வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் ஆகவேண்டும் என்றிருந்த ஒரு துறையில், சிப் முதல் மென்பொருள் வரை உட்கார்ந்து எழுதிய ஒரு தலைமுறைப் பொறியாளர்கள் அதில் பழகி வந்தார்கள். தொழிற்சாலையும் ஆய்வகமும் ஒரே சுவருக்கு இரு பக்கமும் இருக்க வேண்டும் என்ற பாடமும் அங்கிருந்தே வந்தது என்று நினைக்கிறேன். 2010-ல் தரமணியில் திறந்த ஐஐடி ஆராய்ச்சிப் பூங்காவை முன்னின்று உருவாக்கியவர் அதே ஜுன்ஜுன்வாலாதான். அங்கே இடம் பிடிக்கும் நிறுவனம் வாடகை கட்டினால் மட்டும் போதாது. ஐஐடியோடு கூட்டாக ஆய்வு செய்து அதற்கான மதிப்புப் புள்ளிகளையும் சேர்க்க வேண்டும்.

வேலி தாண்டியவற்றில் ராக்கெட்டும் உண்டு. ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் பேராசிரியர் சத்யநாராயணன் சக்ரவர்த்தியின் துணையோடு 2017-ல் பிறந்த அக்னிகுல் நிறுவனம், முப்பரிமாண அச்சில் ஒரே துண்டாக உருவாக்கிய எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் தன் சொந்த ஏவுதளத்திலிருந்து ராக்கெட்டை ஏவியது. அதற்கு முன் கடைசி நேரத்தில் பலமுறை நிறுத்திவைத்தார்கள். எரிதல் ஆய்வுக்கென்றே வளாகத்தில் தேசிய மையம் ஒன்றும் இருக்கிறது.

'சக்தி' சிப்பின் கதை வேறு மாதிரி. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-ல் தொடங்கிய, யாரும் உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தக்கூடிய ரிஸ்க்-வி கட்டளைத் தொகுதியை எடுத்துக்கொண்டு சென்னை ஐஐடி பேராசிரியர் வி. காமகோடியின் குழு செயலிகளை வடிவமைத்தது. ஆனால் வடிவம் வேறு, வார்ப்பு வேறு. 2018-ல் வந்த சிப்புகளில் ஒன்று அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் நுட்பத்தில் வார்க்கப்பட்டது. இன்னொன்று சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசு ஆலையில் 180 நானோமீட்டரில். எண் சிறிதானால் நுட்பம் நுண்ணியது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எந்தப் பேராசிரியரும் தனியாகக் கடக்க முடியாது. அதற்கு ஆலை வேண்டும், ஆயிரக்கணக்கான கோடி வேண்டும்.

2024 டிசம்பரில் வெளியான 'தரணி', பொறியாளர்கள் செய்த உயிரியல். கருவில் இருக்கும் குழந்தையின் மூளை, நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரையிலான காலத்தில் எப்படி வளர்கிறது என்பதன் முப்பரிமாண வரைபடம் அது. உறையவைத்த மூளையைத் தலைமுடியைவிட மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொன்றையும் சாயமேற்றி, ஒற்றைச் செல் தெரியும் நுணுக்கத்தில் படமெடுத்தார்கள்: 5,132 சீவல்கள். மோகனசங்கர் சிவப்பிரகாசம் மின்பொறியியல் துறைக்காரர்; அவர் தலைமையிலான சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் அறுக்கும் கருவி முதல் படத்தைச் சேர்க்கும் கணினி வரை எல்லாமே பொறியியல்தான். வரைபடத்தை இணையத்தில் கட்டணமின்றி யாரும் திறந்து பார்க்கலாம். ஆட்டிசம், வலிப்பு என்று குழந்தை மருத்துவத்தில் விடை தெரியாத கேள்விகளோடு இருப்பவர்கள், ஒழுங்காக வளரும் மூளை எப்படி இருக்கும் என்று ஒப்பிட்டுப் பார்க்க இனி ஒரு படம் இருக்கிறது. அதை வைத்து எழுதப்படப் போகும் கட்டுரைகள் வேறெந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தின் கணக்கில் சேரப்போகின்றனவோ!