அன்னம்மாளும் மரநிழலும்

இலங்கையின் கற்பிட்டித் தீபகற்பத்திலுள்ள தலவிலத் திருத்தலத்தின் தோற்றம் பற்றி வழங்கும் இரு கதைகளும் ஒரு மரத்தடிக்கே வந்து சேர்கின்றன. வேலை தேடி மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்து சென்று வெறுங்கையுடன் திரும்பிய போர்த்துக்கேயர் ஒருவர், இங்கே ஒரு பெருமரத்தின் நிழலில் உறங்கிக் கனவு கண்டு விழித்தபோது, அதன் அடியில் மரியாளின் தாயாகிய புனித அன்னம்மாளின் திருவுருவத்தைக் கண்டார் என்பது ஒன்று. கப்பல் உடைந்து கரையேறிய ஐரோப்பிய வணிகர், தம்மிடமிருந்த திருவுருவத்தை ஆலமரத்தில் வைத்து, வணிகம் செழித்தால் கோயில் கட்டுவதாக நேர்ந்துகொண்டார் என்பது மற்றொன்று.

கடல் கடந்து வந்த வழிபாடு இம்மண்ணின் மரத்தடியில் குடியேறியதாக மக்கள் நினைவுகொண்டது வியப்பன்று. தட்சிணாமூர்த்தியைக் கல்லாலின் கீழ் அமர்த்திய தமிழ் மரபில், விழுது எனப்படும் தொங்குவேர்களை ஊன்றிப் பரவும் ஆல், நெடுவாழ்வுக்கும் அடைக்கலத்துக்கும் குறியாகும். வெண்பட்டையுடைய குளிர்நாட்டு மரமாகிய பூர்ஜத்தின் கிளைகளால் உருசிய மக்கள் பெந்தெகோஸ்தே விழாவில் ஆலயங்களை அணிசெய்வதும், வந்த வழிபாடு உள்ளூர் மரத்தைத் தழுவிய இவ்வகைப்பட்டதே. ஆல் அன்றாட வாழ்விலும் துணைநின்றது: ஆலங்குச்சி பல் துலக்கவும், ஆலம்பால் பித்தவெடிப்புக்கும், தைத்த இலை உண்கலமாகவும் பயன்பட்டன.

தலவிலவில் 1843இல் நிறைவுற்ற இன்றைய ஆலயத்திலும் மரத்தின் இடம் தொடர்கிறது; அங்கு காணப்படும் செதுக்குத் தூண்கள் முதிரையாலானவை. அது இலங்கையின் உலர்வலயக் காடுகளில் வளரும், மஞ்சள் பளபளப்புடைய வைரமரம்.